ஏழாம் எண் தாள்

எம்மெட் கார்வில் அன்று காலை ஒன்பது மணிக்குப் போட்ட கையெழுத்து மிகவும் அழகானது. முப்பது வருஷம் கட்டட வரைபடங்களின் அடியில் போட்டுப் போட்டுத் தேறிய கை. அவர் வாழ்க்கையில் உருப்படியாக அலங்காரம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்தக் கையெழுத்தின் வால் மட்டும்தான்.

மற்றபடி அலங்காரத்துக்கு யார் அவரிடம் வந்தார்கள்? இருபத்துமூன்று பள்ளிக்கூடம், ஒன்பது வெண்ணெய் ஆலை, நான்கு தேவாலயம், ஒரு தீயணைப்பு வண்டிக் கொட்டகை. மினசோட்டாவின் வடகோடியில் ரயில் நிற்கும் ஊர்களிலெல்லாம் அவர் கட்டிய ஏதோ ஒன்று நின்றது. கட்டியவர் யார் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் மேஸ்திரியின் பெயரைச் சொன்னார்கள். அவருடைய சொந்த ஊர்த் தபால்காரர்கூட அவரைத் தச்சுப் பட்டறைக்காரர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தேழு. ஒரே ஒரு குவிமாடம் வைத்த கட்டடம், பெயரைக் கல்லில் செதுக்கும்படியான ஒன்று, சாவதற்குள் கட்டிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கான படங்களைப் பதினோரு வருஷமாக வரைந்து, அழித்து, மறுபடி வரைந்து வைத்திருந்தார்.

அந்த ஆசைக்குத்தான் இப்போது கதவு திறந்திருந்தது. டோர்வால் ஊரில் மாவட்ட நீதிமன்றம் கட்டப்போகிறார்கள். யாருடைய படம் என்று முடிவு செய்ய மாலை நாலு மணிக்குக் குழு கூடுகிறது. குழுத் தலைவர் கிளாரன்ஸ் ஓம்டால், இரும்புக் கடைக்காரர், பள்ளிக்கூட நிர்வாகத்துக்கும் அவரே தலைவர். கடையின் அடுப்பருகே உட்கார்ந்து இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஓம்டால் அந்தத் தாளை நீட்டினார்.

"ஒண்ணுமில்ல கார்வில், சும்மா ஒரு சடங்குக்குத்தான். நம்ம பள்ளிக்கூடத்து வாட்ச்மேன் ஸ்கோக் இருக்கானே, முந்தாநாள் விளையாட்டுக் கூடத்துக் கூரை மேல ஏறிப் பனி வாரப் போயி, வழுக்கி விழுந்து தொடையை முறிச்சுக்கிட்டான்."

"யாரு ஏறச் சொன்னது?"

"யாரு சொல்லணும் அவனுக்கு? பன்னெண்டு வருஷமா இதே கூத்துதான். ஒரு சாண் பனி விழுந்தாப் போதும், ஏணியை எடுத்துருவான். இப்ப வேலை செய்யறப்ப அடிபட்டதுன்னு நஷ்டஈடு கேக்கலாம்னு யாரோ ஓதியிருக்காங்க. கட்டினவர் நீங்க. இந்தக் கூரைக்குப் பனி வாரத் தேவையில்ல, அவன் ஏறினது அவன் இஷ்டம்னு ஒரு வரி இருந்தாப் போதும்."

கார்வில்லுக்குச் சுருக்கென்றது. தன் கூரை மேல் ஒருவன் பன்னிரண்டு வருஷமாகப் பனி வாருகிறானாம். மினசோட்டாவில் அவர் கட்டிய முதல் பள்ளி அது. மிசோரியிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே வந்த வருஷம், 1916-இல், அந்தப் பள்ளிதான் அவருக்குச் சோறு போட ஆரம்பித்தது.

"என் கூரை தன் பனியைத் தானே தாங்கிக்கும்" என்றார், பேனாவைத் திறந்துகொண்டே.

"அப்படிச் சொல்லுங்க. சாயங்காலம் குழுவுல மூணு ஓட்டு என் கையில. ராத்திரி ஏழு மணிக்கு அதே கூடத்துல லிண்டால் ஊர்ப் பசங்களோட கூடைப்பந்து. ஊரே வரும். அங்கேயே எல்லார் முன்னாடியும் அறிவிச்சுரலாம்."

கையெழுத்து விழுந்தது. வால் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை நீளமாகவே போயிற்று.

ஓட்டலுக்குத் திரும்பி, குழுவுக்குக் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த பழைய படச் சுருள்களைக் கட்டிலின் மேல் விரித்தார். டோர்வால் பள்ளியின் படங்கள்தான் முதலில். கஞ்சி போட்ட மெல்லிய துணித் தாள்களில் மையால் வரைந்தவை. ஒவ்வொன்றாகப் புரட்டி, தன் கோடுகளைத் தானே மெச்சிக்கொண்டு வந்தவர், ஏழாம் எண் தாளில் நின்றார். கூடத்துக் கூரையைத் தாங்கும் மரச் சட்டங்களின் படம்.

ஓரத்தில், ஊர்ப்பெயர் எழுதும் கட்டத்தில், துணி கொஞ்சம் சொரசொரத்துக் கிடந்தது. சவர அலகால் மையைச் சுரண்டிய இடம். அதன் மேல் 'டோர்வால், மினசோட்டா' என்று எழுதியிருந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சுரண்டிய பெயர் மங்கலாக அடியில் தெரிந்தது. பெல்டன் கிரீக், மிசோரி.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. படங்களைப் பத்தே நாளில் கேட்டார்கள். அதே அகலத்தில் மிசோரியில் ஒரு கூடம் கட்டியிருந்தார். புதிதாக வரைய நேரமில்லை. பழைய தாளையே எடுத்து ஊர்ப்பெயரைச் சுரண்டிவிட்டு மாற்றி எழுதினார். கணக்கைப் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கியது, ஒதுக்கினபடியே போய்விட்டது. அதற்கப்புறம் கட்டிய ஒவ்வொரு பள்ளிக்கும் வடக்கத்திப் பனிக்கென்றே தனிக் கணக்குப் போட்டவர்தான். இந்த ஒன்றில் மட்டும், தாளின் கீழ் மூலையில், தன் கையாலேயே எழுதியிருந்தார்: பனிப் பாரம், சதுர அடிக்கு இருபது பவுண்டு. மிசோரியில் அது தாராளம். இங்கே நாற்பதுக்குக் குறைந்து எந்தப் பைத்தியக்காரனும் போட மாட்டான்.

மூன்று நாளாகப் பனி. போதாக்குறைக்கு நேற்று மத்தியானம் அதன் மேல் மழை தூறி, அவ்வளவையும் பனி குடித்திருந்தது.

கீழே இறங்கி, ஓட்டல் தாழ்வாரக் கூரையின் விளிம்பில் ஒரு அடிக்கு ஒரு அடி அளந்து, பனியைக் கத்தியால் அறுத்து வாளியில் போட்டுக்கொண்டு சமையலறைக்குப் போனார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த சமையல்காரம்மாவிடம் தராசு கேட்டார்.

"பனியையா எடை போடப்போறீங்க? சும்மா கொட்டிக் கிடக்கறதை யாருக்கு விக்கப்போறீங்களாம்?" என்று அந்த அம்மாள் சிரித்தாள்.

வாளியின் எடை போக முப்பத்தொரு பவுண்டு. கார்வில் சிரிக்கவில்லை. மரம் கணக்குக்கு மேலும் கொஞ்சம் தாங்கும். எவ்வளவு தாங்கும், எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை எந்தத் தாளிலும் எழுத முடியாது. இரவு ஏழு மணிக்கு அதன் கீழே நானூறு பேர் உட்கார்ந்து கைதட்டப்போகிறார்கள்.

ஓட்டமும் நடையுமாக இரும்புக் கடைக்குப் போனார். வழி நெடுக, என்ன சொல்ல வேண்டும் என்று தெளிவாகவே தெரிந்திருந்தது. கடைக்குள் நுழைந்ததும் வாயிலிருந்து வந்தது வேறு.

"ஓம்டால், விளையாட்டுக்கு முன்னாடி கூரைப் பனியைக் கொஞ்சம் வாரச் சொல்லிடலாமே. சும்மா ஒரு ஜாக்கிரதைக்கு."

ஓம்டால் ஆணிகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "காலையில தேவையில்லன்னு எழுதிக் கொடுத்தவர் நீங்கதானே?"

"ஆமா, இருந்தாலும்..."

"என்ன இருந்தாலும்? இன்னிக்கு நானே ஆளை ஏத்தினா, ஸ்கோக் ஏறினது சரின்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? உங்க தாளு வக்கீல்கிட்டப் போயாச்சு. மாசக் கடைசிக்குள்ள பள்ளிக்கூடத்து வீட்டைக் காலி பண்ணச் சொல்லி அவனுக்கு நோட்டீஸும் போகுது. கால் ஒடிஞ்சவனை வாட்ச்மேனா வெச்சு என்ன பண்றது?" ஓம்டால் அவர் தோளில் தட்டினார். "நாலு மணிக்குப் பேசப்போறமேன்னு உங்களுக்கு நடுக்கம். ஒரு காப்பி குடிங்க. படிச்சவங்களே இப்படித்தான்யா, எதுக்கெடுத்தாலும் பயம்."

சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அந்தக் குவிமாடம் கண் முன்னால் வந்து நின்றது, ஜன்னல்களோடு, செதுக்கிய பெயரோடு. மனுஷன் வாயைத் திறந்தார், காப்பி வேண்டாம் என்று சொன்னார், வெளியே வந்துவிட்டார். அவரை நான் நல்லவராகக் காட்டப்போவதில்லை. கொஞ்ச நேரம் அவர் நிஜமாகவே ரயில் நிலையத்தின் பக்கம்தான் நடந்தார்.

அந்த வழியில்தான் பள்ளிக்கூடம் இருந்தது. எதிரே வாட்ச்மேனின் சின்ன வீடு. ஜன்னலில் ஒரு வெளுத்த முகம். கட்டிலையே ஜன்னலோடு ஒட்டிப் போட்டு, ஒருவர் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்வில் அந்தக் கண் போன திசையைத் திரும்பிப் பார்த்தார். கூடத்தின் முகட்டில், இதுவரை நேராக இருந்த கோடு, நடுவில் இலேசாகத் தொய்ந்திருந்தது. கோடு வரைந்தே பிழைத்தவருக்கு அது போதும்.

கதவைத் தட்டினார். ஸ்கோக்கின் மனைவி ரக்னா திறந்தாள். கையில் காப்பிக் கெண்டி, கண்ணில் ஒரு சொட்டு மரியாதை கிடையாது.

"ஓ, நீங்களா. கையெழுத்துப் போட்ட கையைக் காட்டிட்டுப் போக வந்தீங்களா? ஊரு சின்னது, சார். நீங்க பேனாவை மூடறதுக்கு முன்னாடி எங்களுக்குச் சேதி வந்தாச்சு."

"ரக்னா, உள்ள விடு அவரை" என்றது கட்டிலிலிருந்து ஒரு குரல். ஈவர் ஸ்கோக் அறுபத்தைந்து வயது ஆள், மரக்கட்டை போன்ற கைகள், இடது கால் பலகையில் கட்டிக் கிடந்தது. கண்களை ஜன்னலிலிருந்து எடுக்காமலே கேட்டார்: "இன்னிக்கு மேல யாரு ஏறினா?"

"யாரும் ஏறல."

"நேத்து?"

கார்வில் ஜன்னலருகே போய் நின்று தானும் கூரையைப் பார்த்தார்.

"நடு முகடு இறங்கிருச்சு. காலையில விரல் கனம் இருந்துச்சு. இப்ப ரெண்டு விரல்."

"உங்களுக்கு எப்படித் தெரியும், இந்தக் கூரை தாங்காதுன்னு?"

அப்போதுதான் ஸ்கோக் திரும்பி அவரைப் பார்த்தார். கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான். "சார், என்னைத் தெரியலையா? அந்தச் சட்டத்தையெல்லாம் அறுத்து ஏத்தினது நான்தான். அப்ப நான் மேஸ்திரி. எனக்குக் கீழ பதினாலு பேர்."

கார்வில்லுக்கு அந்த முகம் நினைவில் இல்லை. எத்தனையோ மேஸ்திரிகள்.

"மரத்தைக் கையில எடுத்ததுமே தெரிஞ்சுபோச்சு. இந்தத் தடிமன் நம்ம ஊர்ப் பனிக்கு ஆகாதேன்னு உங்களுக்குக் கடுதாசி போட்டேன். நீங்களும் பதில் போட்டீங்க."

"எனக்கு ஞாபகம் இல்ல."

"உங்களுக்கு எதுக்கு இருக்கணும்?" என்றாள் ரக்னா. வேதப் புத்தகத்தின் அட்டைக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். அதே கையெழுத்து, அதே வால். மேலே இரண்டே வரி.

'படத்தில் உள்ளபடியே கட்டவும். தச்சர்களின் யோசனை வேண்டுமானால் பிறகு கேட்டுக்கொள்கிறோம்.'

கார்வில் அதை இரண்டு தடவை படித்தார். அவமானத்தில் காது மடல் வரை சுட்டது.

"நிர்வாகத்துலயும் சொன்னேன்" என்றார் ஸ்கோக். "ஓம்டால் சிரிச்சாரு. படிச்சவரை விட நீ பெரிய ஆளான்னாரு. அப்புறம் ஸ்கோக் சண்டைக்காரன்னு பேரு கட்டிட்டாங்க, எவனும் வேலைக்குக் கூப்பிடல. இந்த வாட்ச்மேன் வேலை காலியாச்சு. நானே போய்க் கேட்டு வாங்கிக்கிட்டேன்."

"பதினாலு பேரை வெச்சு வேலை வாங்கினவர், எதுக்கு விளக்குமாத்தை..."

"சாவி கையில இருந்தாத்தானே சார் மேல ஏற முடியும்? படம் உங்களுது. ஆணி நான் அடிச்சது. உள்ள இருக்கறது எங்க ஊர்ப் பிள்ளைங்க."

அடுப்பில் காப்பி கொதித்து வழிந்தது. யாரும் எழுந்து எடுக்கவில்லை. கார்வில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மன்னிப்பு என்று ஆரம்பிக்கும் ஒரு வாக்கியம். அது இந்த அறைக்கு மிகவும் சின்னதாக இருந்தது, அதனால் விட்டுவிட்டார்.

"பனிவாரி எங்க இருக்கு?" என்றார்.

"கதவுக்குப் பின்னால" என்றாள் ரக்னா, நம்பாமல்.

நீண்ட பிடியும் அகன்ற தகர வாயும் உள்ள பனிவாரி. பிடியில் ஒரு தோல் பட்டை, ஸ்கோக்கின் மணிக்கட்டுக்கு அளவாகத் தைத்தது. கார்வில் அதை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். கூடத்தின் பின்சுவரில் இரும்புக் கம்பிகளை அடித்து ஸ்கோக்கே ஏணி செய்து வைத்திருந்தார். படத்தில் இல்லாத ஏணி. குழுவுக்காகப் போட்டுவந்த புது மேல்கோட்டோடு, பளபளக்கும் தோல் காலணியோடு, ஐம்பத்தேழு வயதில் அவர் ஏறினார். இடுப்பளவு பனி. வாரி வாரித் தெருப் பக்கம் தள்ளினார். பத்தாவது வாரலில் மூச்சு முட்டியது. இருபதாவதில் தொப்பி பறந்தது.

நாலு அடிக்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. எதிர்வரிசையில், கூட்டம் நடக்கவிருந்த நகர மன்றத்துக்குக் குழுக்காரர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். முதலில் ஒருவர் அண்ணாந்து பார்த்தார், பிறகு நாலு பேர், பிறகு கடைத்தெரு முழுக்க. லிண்டாலிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய விளையாட்டுப் பிள்ளைகளும் பையோடு நின்றுவிட்டார்கள். ஓம்டால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"யோவ் கார்வில்! பைத்தியம் பிடிச்சிருச்சா? இறங்குய்யா கீழ!"

"விளையாட்டை நிறுத்துங்க! உள்ள யாரையும் விடாதீங்க!"

"எதுக்கு? காரணத்தைச் சொல்லு!"

காற்று வாயிலிருந்தே சொற்களைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று. கடையின் அடுப்பருகே, கதவைச் சாத்திக்கொண்டு, மெதுவாகச் சொல்லியிருக்கக்கூடிய விஷயம். இப்போது கூரை மேல் நின்று, ஊர் முழுக்கக் கேட்கும்படி, தொண்டை கிழியக் கத்த வேண்டியதாயிற்று.

"கூரை பனியைத் தாங்காது! கணக்கு தப்பு! என் கணக்கு! வேற ஊருக்குப் போட்ட படத்தை இங்க கொடுத்துட்டேன்!"

மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி கத்தினார்.

"ஸ்கோக் அப்பவே சொன்னாரு! நான் கேக்கல! பன்னெண்டு வருஷமா அவர்தான் இதைத் தாங்கினாரு! காலையில நான் எழுதிக் கொடுத்தது பொய்!"

ஓம்டாலின் முகம் சுண்டியது. குழுவில் வயதானவர் ஒருவர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், துக்க வீட்டு வாசலில் நிற்பதுபோல. பிறகு மன்றத்தின் கதவு சாத்தப்படும் சத்தம் கார்வில்லுக்கு மேலேயே கேட்டது. அத்தோடு குவிமாடம் போயிற்று. அழுகை வந்தது, அழுதுகொண்டே வாரினார். கீழே யாரோ பள்ளியின் கதவுகளை இழுத்துப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் ஒருவரும் இன்னும் ஏணிப் பக்கம் வரவில்லை.

தெருப் பக்கச் சரிவு பாதிக்கு மேல் வெறுமையாகிவிட்டது. பாதத்தின் கீழே மரம் முனகியது. முதலில் ஒரு முறை. அப்புறம் நீளமாக, நெஞ்சு வரை ஏறும்படி. கார்வில் அசையாமல் நின்றார். பாரத்தைக் குறைக்கக் குறைக்க இது ஏன் அதிகமாகிறது என்று அந்த நிமிஷம் அவருக்கு விளங்கவில்லை.

எதிர்வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. ரக்னா இடுப்பில் கட்டிய சமையல் துணியோடு, தலையில் துணிகூட இல்லாமல், பனியில் சறுக்கிச் சறுக்கி ஓடி வந்தாள். கையிரண்டையும் வாய்க்குக் குவித்துக்கொண்டு கத்தினாள்.

"ஏய்! ஒரே பக்கமா வாராதேங்கறாரு! ஒரு பக்கம் பாரம், ஒரு பக்கம் காலின்னா சட்டம் முறுக்கிக்கும்! உன் கையாலயே கூரையைத் தள்ளிவிடப் பாக்கறியா? இங்க பத்து வாரு, அங்க பத்து வாரு! மாத்தி மாத்தி!"

தெரிந்த பாடம்தான். கல்லூரியில் படித்த பாடம். மறந்துவிட்டிருந்தார்.

"முகட்டுக்குப் பக்கத்துல இருக்கற இரும்புச் சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தாண்டுங்க, சார்! அவரு போட்டு வெச்சது!" ரக்னாவுக்கு மூச்சு வாங்கியது. இருந்தாலும் அடுத்ததைச் சொல்லாமல் அவள் விடுவதாக இல்லை. "அவர் சொன்னபடியே வாரணுமாம்! உங்க யோசனை வேணும்னா பிறகு கேட்டுக்குவாராம்!"

கார்வில் ஜன்னலைப் பார்த்தார். அங்கே ஒரு கை மேலெழுந்து, அந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ என்று அவசரமாக ஆட்டிக்கொண்டிருந்தது. அவர் தோல் பட்டையை மணிக்கட்டில் இறுக்கிக்கொண்டார். இரும்புச் சட்டத்தைப் பிடித்து முகட்டைத் தாண்டி, மறுபக்கம் இறங்கி, ஒன்று என்று எண்ணத் தொடங்கினார்.